எத்தனையில் போனால் எத்தனை மீட்டரில் நிற்கும்? கொங்குச் சாலைகளில் கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு முழுக் கணக்கு

"நூறுல போனாலும் புடிச்ச இடத்துல நிக்குமுங்க" என்று சொல்லி விற்கப்படாத பழைய கார் கோயமுத்தூர் பக்கம் அபூர்வம். எந்தக் காரும் பிடித்த இடத்தில் நிற்பதில்லை. நூறில் போகும் கார், ஓட்டுபவரின் கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 40 மீட்டர் ஓடிவிடும். தொட்ட பிறகு இன்னொரு 55 மீட்டர் வேண்டும். அந்த 55 மீட்டரில் பாதியைக் கடந்த பிறகும் முள் 70க்கு மேலேயே நிற்கும். வண்டி எவ்வளவு நல்லது என்பதைவிட, இந்த மூன்று எண்கள் ஓட்டுபவருக்குத் தெரியுமா என்பதுதான் முக்கியம்.

நிற்கும் தூரத்தின் இரண்டு துண்டுகள்

முதல் துண்டு, ஆபத்து கண்ணில் பட்டதிலிருந்து பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும் வரை. அந்த நேரம் முழுக்க வண்டி ஒரு கிலோமீட்டர்கூட வேகம் குறையாமல் ஓடுகிறது. பார்த்து, புரிந்துகொண்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கில் வைத்து அழுத்த, விழிப்பாக இருப்பவருக்கே ஏறத்தாழ ஒன்றரை வினாடி ஆகும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, விடிகாலை மூன்று மணிக்கு, பின்சீட்டில் குழந்தைகள் சண்டை போடும்போது இது இரண்டு, இரண்டரை ஆகும். இந்தத் துண்டு வேகத்துக்கு நேர் விகிதம். வேகம் இரட்டித்தால் தூரமும் இரட்டிக்கும்.

இரண்டாவது துண்டு, பிரேக் பிடித்ததிலிருந்து வண்டி நிற்கும் வரை. இது வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதம். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு, மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. வண்டியில் இருக்கும் இயக்க ஆற்றல் வர்க்கமாகக் கூடுகிறது. அதையெல்லாம் பிரேக்கும் டயரும் வெப்பமாக மாற்றித் தீர்த்தால்தான் வண்டி நிற்கும்.

கீழே உள்ள எண்கள் நல்ல டயரும் ஏபிஎஸ்ஸும் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் பிரேக் அமைப்பு) உள்ள கார், சமதளம், காய்ந்த தார்ச்சாலை, ஒன்றரை வினாடி, வினாடிக்கு வினாடி 7 மீட்டர் வேகக்குறைப்பு (அதாவது ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 25 கிமீ வேகம் இறங்கும்) என்று வைத்துப் போட்டவை. தசமத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கூட்டினால் சரியாக வரட்டும் என்று போட்டதுதான்.

40 கிமீ வேகம்: 16.7 + 8.8 = 25.5 மீட்டர்
50 கிமீ வேகம்: 20.8 + 13.8 = 34.6 மீட்டர்
60 கிமீ வேகம்: 25.0 + 19.8 = 44.8 மீட்டர்
80 கிமீ வேகம்: 33.3 + 35.3 = 68.6 மீட்டர்
100 கிமீ வேகம்: 41.7 + 55.1 = 96.8 மீட்டர்
120 கிமீ வேகம்: 50.0 + 79.4 = 129.4 மீட்டர்

ஈரச் சாலையில் முதல் துண்டு மாறாது. இரண்டாவது ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகும். வேகக்குறைப்பு 7லிருந்து 4க்கு இறங்கியதாக வைத்தால் 60ல் மொத்தம் 60 மீட்டர், 80ல் 95, நூறில் 138.

வேகம் கடைசியில்தான் இறங்கும்

பலரும் தவறாக நினைத்திருப்பது இங்கேதான். பிரேக் பிடித்தால் வேகம் தூரத்துக்குத் தூரம் சீராகக் குறையும் என்று மனம் எண்ணிக்கொள்கிறது. நூறில் பிரேக் பிடித்தால் பாதித் தூரத்தில் ஐம்பதாகிவிடும் என்று தோன்றும். அப்படி ஆகாது. நூறில் பிரேக் பிடித்த முதல் வினாடியில் கார் 24 மீட்டர் நகர்ந்து 75க்குத்தான் வருகிறது. நிற்பதற்கு முந்தைய கடைசி வினாடியில் நகரும் தூரம் மூன்றரை மீட்டர்தான். அதாவது தூரத்தின் பெரும்பகுதியைத் தின்பது ஆரம்பத்து வேகம். "கொஞ்சந்தான் பத்தலைங்க, ரெண்டு மீட்டர் இருந்திருந்தா நின்னிருக்கும்" என்று விபத்துக்குப் பிறகு சொல்லும்போது, அந்த இரண்டு மீட்டருக்கு முன்னால் வண்டி இருபதுக்கு அருகில் வந்திருக்கும். பத்து மீட்டர் பற்றாக்குறை என்றால் கதையே வேறு.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் 35 மீட்டரில் குழந்தை ஓடி வருகிறது என்று வையுங்கள். 50ல் வந்த கார் மயிரிழையில் நின்றுவிடும். அதே இடத்தில், அதே நொடியில் பார்த்து, அதே பிரேக்கை மிதித்தாலும் 60ல் வந்தது 42 கிமீ வேகத்தில் மோதும். 70ல் வந்தது 62ல். 80ல் வந்தது ஏறத்தாழ 78ல். பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும்போதே குழந்தை இரண்டு மீட்டருக்குள் வந்துவிடுகிறது. ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் இருக்கும் பத்து கிலோமீட்டர், மோதும்போது பத்தாக இருப்பதில்லை, நாற்பதாகிறது.

நெடுஞ்சாலையிலும் இதே கதை. 80ல் போகும் கார் 69 மீட்டரில் நின்றுவிடும் இடத்தில், நூறில் வந்தது 71 கிமீ வேகத்தில் போய் இடிக்கும். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்தின் அபாயம் ஏறத்தாழ 4 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்வதன் பின்னால் இருப்பதும் இந்த வர்க்கக் கணக்குதான்.

பதிலுக்கு என்ன கிடைக்கிறது? அவிநாசியிலிருந்து பெருந்துறை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். எண்பதில் போனால் அரை மணி நேரம். நூறில் போனால் 24 நிமிடம். எந்த இடத்திலும் வேகம் குறைக்காமல் போனால்தான் இந்த ஆறு நிமிடமும் மிச்சமாகும்.

மனக்கணக்கும் ரோட்டோரக் கல்லும்

ஓட்டும்போது யாரும் வர்க்கமூலம் போட முடியாது. ஆகவே இப்படிச் செய்யுங்கள். வேகத்தின் கடைசிப் பூஜ்யத்தை எடுத்துவிடுங்கள். வரும் எண்ணை நான்கால் பெருக்குங்கள். அதே எண்ணை அதனாலேயே பெருக்கி இதோடு கூட்டுங்கள். 60 என்றால் 6. நான்கு மடங்கு 24, வர்க்கம் 36, மொத்தம் 60 மீட்டர். 80 என்றால் 32 + 64 = 96. இது ஈரச் சாலைக்கான தூரத்தோடு அச்சாகப் பொருந்தும். காய்ந்த சாலைக்கு வர்க்கத்தில் பாதியை எடுத்து, மேலே ஐந்தாறு மீட்டர் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஈரக் கணக்கையே எப்போதும் வைத்துக்கொள்வது நல்லது. கவனம் சிதறிய ஓட்டுநர், தேய்ந்த டயர், ரோட்டில் கிடக்கும் மணல் எல்லாவற்றுக்கும் அது இடம் கொடுக்கும்.

மீட்டரைக் கண்ணால் அளக்கப் பழகுவது அடுத்த வேலை. நெடுஞ்சாலையில் இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 2, 4, 6, 8 என்று எண் போட்ட சின்னக் கற்கள் இருக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 200 மீட்டர். அதில் சரிபாதி நூறு. நூறில் போகும்போது அந்தப் பாதித் தூரம் முழுக்க உங்கள் வண்டிக்கே வேண்டும், மழையில் அதுவும் போதாது. இதை ஒருமுறை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தால், முன்னால் போகும் பஸ்ஸை ஒட்டிக்கொண்டு போக மனம் வராது.

இடைவெளிக்கு மீட்டர் தேவையில்லை, வினாடி போதும். முன்வண்டி ஒரு கம்பத்தையோ பாலத்தின் முனையையோ தாண்டும்போது "ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு, ஆயிரத்து மூணு" என்று எண்ணுங்கள். முடிக்கும் முன் நீங்கள் அங்கே வந்துவிட்டால் நெருக்கமாகப் போகிறீர்கள். எண்பதில் மூன்று வினாடி 67 மீட்டர், நிற்கும் தூரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். மழையில் நான்கு வினாடி. நூறைத் தொட்டால் காய்ந்த சாலையிலும் நான்கு. இடைவெளியில் இன்னொருவர் வந்து நுழைவார், நிச்சயம் நுழைவார். காலைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி மூன்று வினாடி பின்வாங்குங்கள். ஒருவர் நுழைந்ததால் ஊர் போய்ச் சேர ஆகும் தாமதம் இரண்டு மூன்று வினாடிதான்.

வண்டியைத் தயார் செய்வது

மேலே சொன்ன எண்கள் நல்ல வண்டிக்கு. உங்கள் வண்டி அதுதானா என்று பார்க்க இந்த வரிசையில் போங்கள்.

முதலில் டயர். தரையைத் தொடுவது ஒவ்வொரு டயரிலும் ஓர் உள்ளங்கை அளவு ரப்பர்தான். பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த ரப்பர் தாங்கும் அளவுக்கு மேல் பிடிக்க முடியாது. டயர் பட்டன் பள்ளத்துக்குள் சின்ன மேடுகள் குறுக்கே இருக்கும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்திருந்தால் ஆழம் 1.6 மில்லிமீட்டர், சட்டப்படி அதுவே கடைசி. ஆனால் ஈரத்தில் பிடிமானம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வரும்போதே சரியத் தொடங்கிவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள். வயதையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வெயிலில் நின்று நின்று ஆறு வருடம் ஆன டயர், பட்டன் புதிதாக இருந்தாலும் கட்டையாகியிருக்கும்.

காற்று. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை பிஎஸ்ஐ என்று இருக்கும். பெரும்பாலான கார்களுக்கு 30லிருந்து 35க்குள். ஆள் நிறைய ஏறினால் பின்சக்கரத்துக்கு அதிகம் என்று தனியாகப் போட்டிருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் வண்டி எடுத்தவுடன், டயர் சூடாகும் முன் பார்க்க வேண்டும். வெயிலில் ஓடிவந்த டயரில் அளவு கூடிக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிட்டால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும்.

பிரேக் பெடல். வண்டியை அணைத்துவிட்டு பெடலை மூன்று நான்கு முறை மிதியுங்கள். கட்டையாகிவிடும். அப்படியே மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால், கால் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் மெக்கானிக்கிடம் போங்கள். எஞ்சின் ஓடும்போது அழுத்திப் பிடித்தால் மெதுவாகத் தரை வரை போகிறதா? மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசிகிறது. பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று. ஒரு பக்கம் இழுத்தால், பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் சிக்கியிருக்கலாம், அல்லது இரண்டு பக்க டயரிலும் காற்று சமமில்லை. அதிர்ந்தால், சக்கரத்தோடு சுழலும் தட்டான டிஸ்க்கைக் காட்டுங்கள். கீச்சென்ற சத்தம் வந்தால், டிஸ்க்கைப் பிடிக்கும் கட்டையான பேட் முடிவுக்கு வந்திருக்கும். பேட் கனம் 3 மில்லிமீட்டருக்கு வந்தாலே மாற்றிவிடுவது பழக்கமாகட்டும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் அதே ஆயில் 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் ஆவி. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அந்த நேரத்தில் பெடல் காற்றில் மிதித்த மாதிரி இருக்கும். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மலைக்குப் போகிறவர்கள் தவறாமல், மாற்ற வேண்டும். "கலர் நல்லாத்தான இருக்குது" என்று மெக்கானிக் சொன்னால் கேட்காதீர்கள். நிறத்தைப் பார்த்து ஈரத்தைச் சொல்ல முடியாது.

உட்காரும் முறைக்கும் பங்கு உண்டு. பெடலை முழுதாக மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கால் நீட்டி உட்கார்ந்தால் முழு பலமும் பெடலில் இறங்காது. ஓட்டுநரின் கால்பக்கம் தண்ணீர் பாட்டில் வைக்கக் கூடாது. அது உருண்டு பெடலுக்கு அடியில் போனால் ஏபிஎஸ்ஸும் உதவாது.

இதெல்லாம் சரியென்றால், வீடு கட்டாத சைட்டுகளுக்கு ரோடு மட்டும் போட்டு வைத்திருக்கும் லேஅவுட் ஒன்றில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து ஒரு சோதனை. நேரான, காய்ந்த ரோட்டில் ஒரு கோடு போட்டு 40ல் வாருங்கள். முன்சக்கரம் கோட்டுக்கு வரும்போது முழு பலத்தோடு மிதியுங்கள். கோட்டிலிருந்து முன்சக்கரம் வரை அளந்தால் 9 மீட்டர் சுற்றி இருக்க வேண்டும். 12ஐத் தாண்டினால், உங்கள் கால் தயங்கியதா, டயர் விட்டதா, பிரேக் போதவில்லையா என்று பாருங்கள். பெரும்பாலும் கால்தான் தயங்கியிருக்கும். இதற்கு வசதியாக ஒரு நாள் ஒதுக்கிச் செய்தவர்களின் கால், நிஜமான ஆபத்தில் தயங்காது.

பிரேக்கை எப்படி மிதிப்பது

"பிரேக்க உட்டு உட்டு மிதி கண்ணு, ஒரேயடியா அமுக்காத" என்பது பழைய அம்பாசிடர் காலத்து அறிவுரை. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிய வண்டிகளுக்கு அது சரி. 2019 ஏப்ரலில் இருந்து விற்கும் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். ஏபிஎஸ் உள்ள காரில் விட்டு விட்டு மிதித்தால், விட்ட ஒவ்வொரு முறையும் தூரம்தான் வீணாகிறது. அந்த வேலையை அது வினாடிக்குப் பல முறை தானாகச் செய்கிறது.

ஆபத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிரேக்கை உதைக்கிற மாதிரி முழு பலத்தோடு மிதியுங்கள். கியர் வண்டியென்றால் கிளட்சையும் சேர்த்து மிதியுங்கள். பெடல் கடகடவென்று அதிரும், சத்தம் வரும். பயந்து காலை எடுக்காதீர்கள், அது வேலை செய்வதன் அடையாளம். கண்ணை இடிக்கப்போகும் பொருளில் வைக்காமல், தப்பிக்கும் இடைவெளியில் வைத்து, ஸ்டியரிங்கை அளவாகத் திருப்புங்கள். வண்டி நிற்கும் வரை காலை எடுக்கக் கூடாது.

ஏபிஎஸ் தூரத்தை எப்போதும் குறைக்கும் என்று நினைக்க வேண்டாம். சரளை, மணல், புழுதி மேல் அது தூரத்தைக் கூட்டக்கூடும். அது காப்பாற்றுவது ஸ்டியரிங்கை. ரோட்டோர மண்ணில் சக்கரம் இறங்கியிருக்கும்போது முழு பிரேக் மிதித்தால் இரண்டு பக்கப் பிடிமானமும் வேறுபட்டு வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

மயிலும் நாயும் குறுக்கே வரும்போது திருப்புவதா என்ற கேள்வி நம் பக்கம் அடிக்கடி வரும். தாராபுரம், காங்கேயம் பக்கத் தோட்டச் சாலைகளில் மயில் கூட்டமாகவே கடக்கும். அறுபதுக்கு மேல் போகும்போது திருப்பாதீர்கள். நேராகப் பிரேக் மட்டும். உயரமான வண்டி எண்பதில் படக்கென்று திருப்பினால் புளியமரத்திலோ எதிரே வரும் லாரியிலோதான் முடியும்.

மழை வந்தால்

மழையில் மிக மோசமான நேரம் தொடங்கிய முதல் கால் மணி நேரம். வாரக்கணக்கில் படிந்த டீசல், எண்ணெய், டயர்த்தூள், புழுதி எல்லாம் தண்ணீரோடு குழைந்து சாலையில் ஒரு வழுவழுப்பான படலம் போடும். சித்திரை, வைகாசியில் வரும் கோடை மழையிலும், ஐப்பசியின் முதல் மழையிலும் இது அதிகம். நன்றாகக் கொட்டிக் கழுவிய பிறகு பிடிமானம் கொஞ்சம் திரும்பும்.

பிறகு தேங்கிய தண்ணீர். வேகம் 80ஐத் தாண்டும்போது டயர் தண்ணீரைப் பிதுக்கித் தள்ள முடியாமல் அதன் மேலேயே மிதக்கத் தொடங்கலாம். பட்டன் தேய்ந்திருந்தாலும் காற்று குறைவாக இருந்தாலும் அதற்கு முன்னாலேயே மிதக்கும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடுவது அறிகுறி. அப்போது பிரேக் மிதித்தாலும் பயனில்லை, திருப்பினாலும் பயனில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை மெதுவாக விட்டுக் காத்திருங்கள். வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் குரூஸ் கன்ட்ரோல் போட்டிருந்தால் மழை தொடங்கியவுடனே அணைத்துவிடுங்கள்.

கோவை லங்கா கார்னர் மாதிரி ரயில் பாலத்தடியில் தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்தால், ஏறியவுடன் பின்னால் யாரும் இல்லாத இடத்தில் லேசாகப் பிரேக்கைத் தேய்த்தபடி கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். நனைந்த பேட் முதல் மிதியில் சரியாகப் பிடிக்காது. தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று தெரியாவிட்டால் இறங்கவே வேண்டாம்.

ஆடிக்காற்றுக்கு ஒரு வரி. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் அந்தக் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். லாரியைத் தாண்டி வெளியே வரும் நொடியில் தள்ளுவது தெரியும். இரண்டு கையாலும் பிடித்திருங்கள்.

பொழுது சாய்ந்த பிறகு

இரவில் வேகத்தை முடிவு செய்ய வேண்டியது உங்கள் முகப்பு விளக்கு. லோபீமில், கறுப்புத் துணி போட்டவர் ஒருவர் கண்ணுக்குத் தெரிவது 40, 50 மீட்டரில். கண்ணாடியிலும் விளக்கிலும் பூச்சி அப்பியிருந்தால் இன்னும் குறைவு. 45 மீட்டரில் நிற்க முடிகிற வேகம் 60. அதற்கு மேல் போனால், கண்ணுக்குத் தெரிந்த பிறகு நிற்க முடியாத வேகத்தில் போகிறீர்கள். 80ல் போகும்போது 45 மீட்டரில் ஒரு பஞ்சரான லாரி தெரிந்தால், கார் அதைத் தொடும்போது வேகம் 65. லாரியின் பின்பலகை காரின் பானெட்டுக்கு மேலே இருக்கும். மோதுவது கண்ணாடியும் தலையும்.

ஆகவே எதிரே வண்டி இல்லாதபோது ஹைபீம், வந்தால் உடனே டிம். எதிராளி ஹைபீமை இறக்காவிட்டால் பழிக்குப் பழி ஹைபீம் போட்டுக் கண்ணைக் கூசச் செய்வதில் லாபம் இல்லை. இடது ஓரக் கோட்டைப் பார்த்தபடி வேகத்தைக் குறையுங்கள். கண் மறுபடி இருட்டுக்குப் பழகச் சில வினாடி ஆகும். எண்பதில் ஒவ்வொரு வினாடியும் 22 மீட்டர்.

தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் காங்கேயம், தாராபுரம், பொள்ளாச்சி, உடுமலைச் சாலைகளில் இரவெல்லாம் நடப்பார்கள். பச்சை வேட்டியும் காவி வேட்டியும் லோபீமில் தாமதமாகத்தான் தெரியும். தைப்பூசத்துக்குப் பத்து நாள் முன்னும் சில நாள் பின்னும் அந்தச் சாலைகளில் இரவு 50க்கு மேல் போகாதீர்கள். காவடியோடு வரிசையாகப் போகும் கூட்டம் ஓரத்தோடு நிற்காது, சாலையிலும் பரவும்.

மலை இறங்கும்போது

வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, திம்பத்துக்கு 27, கொல்லிமலைக்கு 70. இங்கே வேகம் குறைவு, ஆனால் பிரேக் செய்யும் வேலை பெரியது. ஆட்களோடு 1,600 கிலோ இருக்கும் கார் ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால், அந்த ஆற்றல் நூறு கிமீ வேகத்திலிருந்து 25 முறை நிறுத்துவதற்குச் சமம். எல்லாவற்றையும் டிஸ்க்கின் மேல் ஏற்றினால் அது சிவந்துவிடும். பேட் எரிந்த நாற்றம் முதல் எச்சரிக்கை. பெடல் ஆழமாகப் போவது இரண்டாவது. மூன்றாவதுக்குக் காத்திருக்கக் கூடாது.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவது, கொண்டை ஊசியில் முதலாவது. எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கில் 'எல்' (குறைந்த கியர்) அல்லது மேனுவல் முறைக்கு மாற்றுங்கள். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இருப்பதற்குப் பதில், நன்றாக அழுத்தி வேகத்தை இறக்கி, விட்டு, ஆறவிட்டு, மறுபடி அழுத்துங்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது இந்தப் பகுதியில் இன்னும் நிற்கவில்லை. கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரில் கால் இல்லையென்றால் இப்போதைய எஞ்சின்கள் எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் சும்மா ஓட எரிபொருள் செலவாகிறது. எஞ்சினை அணைத்து இறங்குவது தற்கொலை. இரண்டு மூன்று மிதியில் பூஸ்டர் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

இறக்கத்தில் நிற்கும் தூரமும் கூடும். நூற்றுக்கு ஆறு சரிவில் காய்ந்த சாலையில் பிரேக் தூரம் ஏறத்தாழ ஒன்பது சதவீதம் அதிகம், ஈரத்தில் பதினேழு சதவீதம். நாற்றம் வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது கோணிவிடும். பெடல் தரைக்குப் போய்விட்டால் வேகமாகப் பலமுறை மிதித்துப் பார்த்து, கியரை ஒவ்வொன்றாக இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, கடைசிக்கு மலைப்பக்கச் சுவரில் உரசுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது சட்டமும்கூட.

ஊர்ச்சாலையும் இருவழிச் சாலையும்

திருப்பூரில் காலை எட்டரை மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் பனியன் கம்பெனி ஷிப்ட் விடும்போது மொபெட்டும் சைக்கிளும் நடப்பவர்களும் ஒரே நேரத்தில் ரோட்டுக்கு வருவார்கள். அந்த நேரத்தில் கம்பெனி வாசல்களில் 30 போதும். நெடுஞ்சாலையில் நடுத்திட்டில் இடைவெளி விட்டிருக்கும் இடங்களில், தட்டுக்கட்டு (மாட்டுத் தீவனச் சோளத்தாள் கட்டு) ஏற்றிய மொபெட் திரும்புவதற்காக நின்றால், அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று நம்பாதீர்கள். கட்டு அவர் பின்பார்வையை மறைத்திருக்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கின் மேல் சும்மா வைத்தாலே ஒன்றரை வினாடியில் அரை வினாடி மிச்சம். எண்பதில் அது 11 மீட்டர்.

கிராமச் சாலையில் சோளமும் ராகியும் கொள்ளும் காயப்போட்டிருந்தால் அதன் மேல் பிரேக் மிதிக்காதீர்கள். மணியும் தட்டும் சக்கரத்துக்கு அடியில் உருளும். அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து நேராகக் கடந்துவிடுங்கள்.

இருவழிச் சாலையில் முந்துவதற்கும் இதே மீட்டர் கணக்குதான். அறுபதில் போகும் லாரியை எண்பதில் முந்த ஏறத்தாழ ஒன்பது வினாடி ஆகும். அதற்குள் நீங்கள் 200 மீட்டர் போகிறீர்கள். எதிரே எண்பதில் வருபவரும் 200 மீட்டர் வருகிறார். ஆகவே 400 மீட்டர் காலியாகத் தெரிய வேண்டும், அதற்கு மேலும் கொஞ்சம். சின்னக் கற்களின் இரண்டு இடைவெளியும் முழுக்கக் காலியாகத் தெரியாவிட்டால் லாரிக்குப் பின்னாலேயே போங்கள்.

கைப்பேசியை இரண்டு வினாடி பார்த்தால் அறுபதில் 33 மீட்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதாகும். மது விஷயத்தில் சட்ட வரம்பு நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். பிரேக்கைத் தொட ஆகும் அந்த ஒன்றரை வினாடி, வரம்புக்குக் கீழே குடித்தாலும் நீளத் தொடங்கிவிடும்.

மோதல் தவிர்க்க முடியாவிட்டால்

அறுபதில் சுவரில் மோதுவது 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பொள்ளாச்சிப் பக்கத்து வளர்ந்த நெட்டைத் தென்னையின் உச்சியிலிருந்து குதிப்பது மாதிரி. நூறில் மோதினால் 39 மீட்டர், அவ்வளவு உயரத் தென்னை கிடையாது. நட்சத்திர மதிப்பெண்ணைப் பார்த்து வண்டி வாங்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் நட்சத்திரம் தரும், 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் என்ற மோதல் சோதனையில் முன்பக்க மோதல் 64 கிமீ வேகத்தில்தான் நடக்கிறது. நூறில் மோதும்போது ஆற்றல் அதைப்போல் 2.4 மடங்கு. ஐந்து நட்சத்திரம் அந்த வேகத்துக்கு எந்த உறுதியும் தருவதில்லை.

பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் போகாமல் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். கர்ப்பிணிகளும் அப்படித்தான். பின்சீட்டில் பெல்ட் போடாதவர் மோதலில் முன்சீட்டுக்காரரின் முதுகில் வந்து விழுவார். குழந்தையை மடியில் பிடித்துக்கொள்ள யாருடைய கைக்கும் பலம் போதாது. அதற்கென உள்ள இருக்கையில் கட்டி வையுங்கள். ஏர்பேக் இருக்கும் முன்சீட்டில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை வைக்கக் கூடாது. தலைச்சாய்வின் மேல்விளிம்பு உங்கள் தலையின் உச்சிக்குச் சமமாக இருக்கும்படி உயர்த்துங்கள். தோட்டத்திலிருந்து எடுத்து வரும் தேங்காய் மூட்டை, எண்ணெய் டின், கேன் எதையும் பின்சீட்டில் போடாமல் டிக்கியில், பின்சீட்டின் முதுகோடு ஒட்டிக் கீழாக வைத்துக் கட்டுங்கள். கேரியரில் ஏற்றினால் வளைவில் வண்டி சாயும் அளவு கூடும். அன்றைக்கு வழக்கத்தைவிடப் பத்து குறைவாகவே ஓட்டுங்கள்.